அது சாமி இல்லை, என் சேலை

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போட நிறுத்திட்டாங்க. ஒற்று எங்க போடணும், எங்க விடணும்னு இன்னும் தடுமாற்றம்தான். ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல. முன்னால நடந்ததைப் பின்னால எழுதியிருந்தா பொறுத்துக்குங்க. பேச்சுலயும் நான் கூச்சக்காரி. நாலு பேர் இருக்கற இடத்துல வாய் திறக்காது. கல்யாணப் பந்தியில எனக்கு மட்டும் ரசம் ஊத்தாமப் போயிட்டா, மோர் வர்ற வரைக்கும் வெறும் சோத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்படிப்பட்டவ பேனா எடுத்திருக்கேன்னா வயித்தெரிச்சல் எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்குங்க.

ஊர் பேரை எழுத மாட்டேன். மன்னார்குடிப் பக்கம்னு வச்சுக்குங்க, அது போதும். ஆள் பேரும் எழுத மாட்டேன். எழுதினா அதையும் கொண்டுபோய் மேப்புல குத்தி வச்சிருவாங்க. இவ்வளவும் அந்த மேப்பால வந்ததுதான்.

எங்க ஊர் வாய்க்கால்ல பொம்பளைங்க குளிக்கற துறை ஒண்ணு இருக்கு. படியெல்லாம் தேஞ்சு வழவழன்னு கிடக்கும். ஒரு பக்கம் பெரிய மூங்கில் குத்து, இன்னொரு பக்கம் பூவரசு. மதகுலருந்து கரையோட வர்ற ஒத்தையடிப் பாதை, பூவரசுக்கும் மூங்கிலுக்கும் நடுவுல நுழைஞ்சு துறைக்கு வந்துதான் அந்தாண்ட போகும். பூவரசுல ஒரு கிளை அந்தப் பாதை மேல தாழ்ந்து கிடக்கு. முதல்ல குளிக்க வர்றவ ஒரு பழைய சேலையை அந்தக் கிளையில போட்டு விடணும். கடைசியாக் கரையேறுறவ எடுத்துக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான் வழக்கம்.

சேலை தொங்கினா ஆம்பளை வர மாட்டான். மதகுலயே நின்னு பீடி பத்த வைப்பான். அவசரம்னா வயல்ல இறங்கி வரப்பு வழியாச் சுத்திப் போவான். மாடு ஓட்டிட்டு வர்றவன் மாட்டையும் திருப்பிக்கிட்டுப் போயிருவான். குடிச்சிட்டுத் தள்ளாடி வர்றவனுக்குக்கூட அந்த இடத்துல மட்டும் புத்தி தெளிஞ்சிரும். யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல, போர்டு எழுதி வச்சதில்ல.

அது ஊர்ப் பேச்சாவே ஆயிப்போச்சு. பொம்பளைங்க ரெண்டு பேர் உள்ள உக்காந்து ரகசியம் பேசிக்கிட்டிருந்தா, வீட்டுக்கு வர்ற ஆம்பளை வாசல்ல நின்னு, “என்ன, சேலை தொங்குதா? வரலாமா?”ன்னு கேப்பான். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அப்படிக் கேக்காம உள்ள வந்ததில்ல.

வீட்டுல பாத்ரூம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. உள்ள நின்னா முழங்கை ரெண்டு பக்கமும் இடிக்கும். பாதி இடத்துல யூரியா மூட்டை. போர் தண்ணி காவி கரைச்ச மாதிரி வரும், தலைக்கு ஊத்தினா முடி கயிறாத் திரிச்சுக்கும். ஆனா அதெல்லாம் பெரிசில்ல. உண்மையச் சொல்றேன். அந்தத் துறையிலதான் எனக்குப் பேச்சு வரும். கழுத்தளவு தண்ணியில நின்னா என் கூச்சம் எங்க போகும்னே தெரியாது. கேலி பேசுவேன். எங்க ஊர்ப் பெரிய மனுஷங்க நடக்கற மாதிரி, இருமுற மாதிரி செஞ்சு காட்டுவேன். எதிர்வீட்டுக்காரி சிரிச்சுச் சிரிச்சு மூக்குல தண்ணி ஏறி இருமுவா. “இந்த வாயை எங்கக்கா ஒளிச்சு வச்சிருக்கே, வீட்டுல?”ன்னு கேப்பா. கரையேறி ஈரத்தைப் பிழிஞ்சேன்னா மறுபடியும் பழைய ஊமைதான். ஊர்ல எனக்குன்னு வாய் இருந்த இடம் அது ஒண்ணுதான். அதைத்தான் பறிக்கப் பாத்தாங்க.

போன வருஷம் மேட்டூர் திறந்து, எங்க கடைசி மடைக்குத் தண்ணி வந்து கொஞ்ச நாள் இருக்கும். ஆடிக்கு முன்னயா பின்னயான்னு சரியா நினைவில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நாங்க நாலஞ்சு பேர் தண்ணியில நிக்கறோம். கரைப் பக்கம் பேச்சுக் குரல். டவுனுப் பேச்சு. முதுகுல பை, தலையில தொப்பி, கையில ஊனுகோல். தஞ்சாவூர்லருந்து வந்தாங்களோ திருச்சியோ. வாரக் கடைசியில இப்படிக் கூட்டமாச் சேர்ந்து ஆத்துக் கரை வாய்க்கால் கரையா நடக்கறது இப்ப பழக்கமாம்.

எப்பவும் முதல்ல போறவ நான்தான், அன்னைக்கும் தொங்கினது என் சேலை. அம்மனுக்கு விரதம் இருந்தப்ப கட்டினது. நல்ல மஞ்சள், சேப்புக் கரை. இடுப்புக்கிட்டக் கிழிஞ்சு போச்சு, சாயம் மட்டும் போகல. அதுக்கு முன்னால வந்து நின்னவங்க சத்தம் அடங்கிப் போச்சு.

“ஷூவைக் கழட்டுங்க. அம்மன் மரம்.”

“ஆமாண்டா, மஞ்சப் புடவை சாத்தியிருக்காங்க பாரு.”

மூங்கில் இடுக்கு வழியா எட்டிப் பாத்தேன். கையெடுத்துக் கும்பிடறாங்க. ஒருத்தன் கன்னத்துல போட்டுக்கிறான். படம் எடுத்தாங்க. கிழிசலை ஓரமா ஒதுக்கி விட்டு எடுத்தாங்க, நல்லா விழணுமாம். அப்புறம், செருப்போட தாண்டிப் போகக் கூடாதுன்னு பேசிக்கிட்டு வந்த வழியே திரும்பிட்டாங்க. நாங்க வாயைப் பொத்திக்கிட்டுத் தண்ணிக்குள்ள முங்கி முங்கிச் சிரிச்சோம்.

எதிர்வீட்டுக்காரி சொன்னா: “அக்கா, உன் பழஞ்சேலைக்கே இவ்வளவு மரியாதை. உனக்குக் கோயிலே கட்டிருவாங்க போ.”

அவளுக்குக் கருநாக்கு. சொன்ன மாதிரியே ஆச்சு.

அடுத்தடுத்த வாரம் புதுசு புதுசா வந்தாங்க. இவங்க திரும்பிப் போற ரகம் இல்ல. செருப்பைக் கழட்டிட்டுக் கிட்டவே வந்து, சேலையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. கிளையில மஞ்சத் துணி முடிஞ்சாங்க. கண்ணாடி வளையல் மாட்டினாங்க. எலுமிச்சம்பழம் வச்சாங்க. நாங்க சேலை போட்டது தள்ளிப் போன்னு சொல்ல. அவங்களுக்கு அது கிட்ட வான்னு சொல்லியிருக்கு.

எனக்கு விளங்கல. எங்க ஊருக்கு பஸ்ஸே ரெண்டு வேளைதான். இந்த ஜனங்களுக்கு யார் வழி சொன்னா? என் மருமக மன்னார்குடியில ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறா, கம்ப்யூட்டரெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவதான் ஒருநாள் செல்லை நீட்டினா.

“அத்தை, இங்க பாருங்க. இது நம்ம துறை.”

பச்சையும் நீலமுமா ஒரு படம். நீலக் கோடு வாய்க்கால். அதை ஒட்டிப் புள்ளி புள்ளியா ஒரு பாதை. பாதை முடியற இடத்துல கோயில் அடையாளம். எழுதியிருந்ததை அவ வாசிச்சா.

“சேலைக்காரி அம்மன் மரம். பழமையான மர வழிபாடு. வழி நெடுக நிழல். குளிக்கப் படித்துறை உண்டு. காலை ஆறு முதல் எட்டு வரை வந்தால் வெளிச்சம் அருமையாக இருக்கும்.”

ஆறுலருந்து எட்டு. நாங்க குளிக்கற நேரம். நேரம் குறிச்சுக் கூப்பிட்டிருக்கான் பாவி.

“யாரு போட்டா இதை?”

“யார் வேணாலும் போடலாம் அத்தை. இது ஒரு கம்பெனி போடறது இல்ல. நடக்கறவங்க, சைக்கிள்ல சுத்தறவங்க எல்லாம் சேர்ந்து போடற மேப்பு. ஒருத்தர் போன வழியக் கோடு போட்டு வைப்பாரு. அடுத்தவங்க அதைப் பாத்து, இந்த வாரம் எங்க நடக்கலாம்னு முடிவு பண்ணிப்பாங்க.”

“நம்மளைக் கேக்க வேணாமா?”

“கேக்கணும்னுதான் இருக்கு. யார் கேக்கறா?”

மத்ததெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தான், அதையும் சொல்லணும். மதகு இருந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்குப் போற குறுக்கு வரப்பு இருந்துச்சு. மழைக்கு எந்தப் பாதை முங்கும்னுகூட எழுதியிருந்துச்சு. வெளியூர்க்காரங்களுக்கு இது பெரிய ஒத்தாசைன்னு மருமக சொன்னா. இருக்கட்டும். அவ்வளவும் சரியா எழுதத் தெரிஞ்சவனுக்கு, கிளையில எதுக்குச் சேலை தொங்குதுன்னு ஒரு பொம்பளைகிட்டக் கேக்கத் தெரியல.

அதுக்கப்புறம் வந்த ஒரு ஞாயித்துக்கிழமையைப் பத்தி எழுதக் கை கூசுது. எழுதத்தான் வேணும். மத்தவங்க குளிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் கடைசி ஆள். பாவாடையை மாருக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுத் தண்ணியில நிக்கறேன். மாத்துத் துணி மேல் படியில. சேலை தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அதை விலக்கிக்கிட்டு அஞ்சாறு ஆம்பளைங்க உள்ள வந்துட்டாங்க. என்னைப் பாத்தும் திரும்பல. படியில உக்காந்து தண்ணியில காலை விட்டுக்கிட்டாங்க. பிஸ்கட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சு, என் மாத்துத் துணி பக்கத்துலயே வச்சாங்க.

“நீங்க பாட்டுக்குக் குளிங்க பாட்டி, நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம்”னான் ஒருத்தன்.

தொந்தரவு பண்ண மாட்டானாம்! போங்கடான்னு ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல வரல. கழுத்தளவு தண்ணியிலதான் நின்னேன். எனக்குப் பேச்சு வர்ற அதே இடம். அன்னைக்கு வரல.

இன்னொருத்தன் கேட்டான், “இந்த அம்மனுக்கு என்ன விசேஷம் பாட்டி?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“விடுடா. பாவம், காது கேக்காது போல.”

அவங்க பேசிச் சிரிச்சு, பிஸ்கட்டு தின்னு, படம் எடுத்து எழுந்து போற வரைக்கும் நான் தண்ணியில நின்னேன். விரலெல்லாம் சுருங்கி வெளுத்துப் போச்சு. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. போறப்ப, “வரோம் பாட்டி”ன்னு கும்பிட்டுட்டுப் போனாங்க, மரியாதை தெரிஞ்சவங்க! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு, அவங்களையே அடிக்கிற மாதிரி துணியை அடிச்சு அடிச்சுப் பிழிஞ்சேன். மருமக கேட்டா. சொன்னேன். அவ கண்ணு சிவந்து போச்சு.

அன்னைக்கே அவ மேப்புல அந்தக் கோயிலை அழிச்சிட்டா. யார் வேணா போடலாம்னா யார் வேணா அழிக்கவும் செய்யலாமாம். ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாள் கோயில் திரும்ப வந்துருச்சு. முதல்ல போட்டவன் கீழ பதில் வேற எழுதியிருந்தான்.

“உள்ளூர் மக்களின் நம்பிக்கையை அழிக்க வேண்டாம்.”

மருமக எழுதினா, “நாங்கள்தான் அந்த உள்ளூர் மக்கள். அது பெண்கள் குளிக்கும் துறை.”

அதுக்கு வந்த பதில்: “ஆதாரம் உண்டா? எங்களிடம் நேரில் எடுத்த படங்கள் இருக்கின்றன.”

படத்தைத் திறந்து காட்டினா. எல்லாத்துலயும் என் மஞ்சச் சேலை. நான் உடுத்தின சேலை, நான் துவைச்ச சேலை, எனக்கு எதிரா சாட்சி சொல்லுது. நான் குளிக்கறதுக்கு நான் என்ன ஆதாரம் குடுக்கறது? குளிக்கறதைப் படம் எடுத்து அனுப்பவா?

இதுவரைக்கும் வெளியூர்க்காரன் மேலதான் கோவம். அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்ல.

என் கொழுந்தன், என் வீட்டுக்காரரோட தம்பி, ஊர்ல கொஞ்சம் பெரிய மனுஷன். அவரும் இன்னும் ரெண்டு மூணு பேரும் ஒருநாள் செங்கல், சிமிட்டியோட பூவரசடிக்கு வந்துட்டாங்க. சின்னதா ஒரு மேடை கட்டி, சூலம் ஒண்ணு நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வச்சாச்சு. சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

“அண்ணி, பொம்பளைங்ககிட்டச் சொல்லிருங்க. இனிமே அந்தத் துறையில குளிக்கறது, துணி துவைக்கறது வேணாம். சாமி இருக்கற இடம். சுத்தபத்தமா இருக்கணும். நீங்கள்லாம் மாசாமாசம் வீட்டுக்குத் தூரம்னு இருக்கறவங்க.”

எனக்கு முதல்ல காதுல ஏறவே இல்ல.

“எந்த சாமி தம்பி?”

“என்ன அண்ணி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? எங்கெங்கருந்தோ தேடி வர்றாங்க. மேப்புலயே போட்டிருக்கு.”

“அது என் சேலை தம்பி.”

“சேலை உங்களோடதா இருக்கலாம். ஒரு காரணம் இல்லாமயா அந்தக் கிளையில போடணும்னு முன்ன உள்ளவங்க வச்சாங்க? அங்க ஏதோ சக்தி இருந்திருக்கு.”

இவர் யார் தெரியுமா? மீசை முளைச்ச நாள்லருந்து அந்தச் சேலையைப் பாத்துத் திரும்பிப் போன மனுஷன். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, சரி. இவருக்குத் தெரியாதா? தெரிஞ்ச வாய் எப்படி இதைச் சொல்லுது?  வாழ்க்கையில முதல் தடவையா, தண்ணிக்கு வெளியில, காஞ்ச தரையில நின்னுக்கிட்டுச் சத்தமாப் பேசினேன்.

“இத்தனை வருஷமா எதைப் பாத்துத் திரும்பிப் போனீங்க தம்பி? சாமியைப் பாத்தா? சாமின்னா கிட்ட வந்து கும்பிட்டிருக்கணுமே, ஏன் மதகுல நின்னு பீடி குடிச்சீங்க?”

தெருவுல ரெண்டு பொம்பளைங்க நின்னு கேட்டாங்க. எதிர்வீட்டுக்காரி களுக்குன்னு சிரிச்சிட்டா. கொழுந்தன் முகம் கறுத்துப் போச்சு. “உங்களுக்கு இவ்வளவு வாயா? அண்ணன் இருந்திருந்தா...”ன்னு ஆரம்பிச்சாரு.

“அண்ணன் இருந்திருந்தா, சேலை தொங்குதான்னு கேட்டுட்டுத்தான் உள்ள வந்திருப்பாரு”ன்னேன்.

துண்டை உதறிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. என் மகன் வேலையிலருந்து வந்து, “ஏம்மா வீண் வம்பு? பாத்ரூம்லருந்து மூட்டையை எடுத்துடறேன், அங்கயே குளியேன்”னான். அவனை என்ன சொல்ல? அவனும் ஆம்பளைதானே.

மறுநாள் விடிஞ்சதும் வழக்கம்போல மஞ்சள் டப்பா, துண்டு, மாத்துத் துணி எடுத்துக்கிட்டேன். சேலையை எடுக்கல. வாசல் பெருக்கித் தேஞ்சு கட்டையாப் போன பழைய விளக்குமாறு ஒண்ணு கொல்லையில கிடந்துச்சு. அதை எடுத்துக்கிட்டேன். வழியில எதிர்வீட்டுக்காரியும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க.

“இது எதுக்கு அக்கா?”

“மரத்துக்குச் சாத்த.”

கிளையில முடிஞ்சிருந்த துணியெல்லாத்தையும் அவிழ்த்தேன். வளையலைக் கழட்டி மேடை மேல வச்சேன். மேடையையும் சூலத்தையும் நான் தொடல. எனக்கும் பயம் உண்டு, நானும் சாமி கும்பிடறவதான். சேலை தொங்கின அதே இடத்துல விளக்குமாத்தைக் கயிறு போட்டுத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டேன். இதுக்கு எவன் குங்குமம் வைப்பான்னு பாக்கறேன். இதை எவன் கண்ணுல ஒத்திப்பான்?

எதிர்வீட்டுக்காரி படியிலயே உக்காந்துட்டா, சிரிப்புத் தாங்காம. எனக்குச் சிரிப்பு வரல. தண்ணியில இறங்கிக் கழுத்தளவுக்கு நின்னேன். ஆறினபாடில்ல.

அந்த வார ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் வந்துச்சு. விளக்குமாத்துக்கு முன்னால வந்து குழம்பி நின்னாங்க.

“என்னடா இது? புடவைன்னுதானே போட்டிருந்துச்சு?”

தண்ணிக்குள்ளருந்தே கத்தினேன். என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம். “அது சாமி இல்ல! இங்க பொம்பளைங்க குளிக்கறோம்! தாண்டி வராதீங்க, திரும்பிப் போங்க!”

 அப்புறம் ஒருத்தன், “சாரிங்க, சாரிங்க”ன்னான். செருப்புச் சத்தம் தேஞ்சு போச்சு. அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு மட்டும் நின்னுச்சு. அது மூங்கில் பக்கமா வந்து, “அம்மா, நான் வரலாமா?”ன்னு கேட்டுச்சு. கேட்டுச்சு பாருங்க. வான்னேன். படியில உக்காந்து எல்லாத்தையும் விசாரிச்சுச்சு. நாலு பொம்பளைங்களும் ஒரே நேரத்துல பேசினோம். யார் என்ன சொன்னோம்னு அதுக்கு விளங்கியிருக்குமோ என்னமோ.

“நான் மேப்புல எழுதறேம்மா. ஆனா நான் ஒருத்தி சொன்னா எடுக்க மாட்டாங்க. இன்னொருத்தரும் வந்து பாத்துச் சொல்லணும்”னுச்சு.

இப்ப அந்தக் கோயில் அடையாளம் பக்கத்துல ஒரு கேள்விக்குறி வந்திருக்காம். ‘சரிபார்க்கப்பட வேண்டும்’னு எழுதியிருக்காம். மருமக தினமும் பாக்கறா, அப்படியேதான் இருக்கு. மேடையும் அப்படியே இருக்கு. கொழுந்தன் என்கிட்டப் பேசறதில்ல. ஆனா போன வாரம் மதகு வரைக்கும் சூடத் தட்டோட வந்தவரு, கிளையைப் பாத்துட்டு வரப்புல இறங்கிச் சுத்திப் போனாரு. கண்ணால பாத்தேன். சூடம் காத்துல அணைஞ்சு போச்சு.

நாங்க குளிக்கறோம். தினமும் விளக்குமாத்தைக் கட்டித் தொங்கவிட்டுட்டுக் குளிக்கறோம். ஆனா பாதைப் பக்கம் ஒரு காது வச்சுக்கிட்டுக் குளிக்கறோம். முன்ன மாதிரி கேலி ஓடல. ஒருத்தர் இருமற மாதிரி பாதி செஞ்சு காட்டறதுக்குள்ள ஏதாவது சலசலன்னா நிறுத்திடறேன். அதைத் திருப்பிக் குடுங்கன்னு யாரைக் கேக்கறது?

நான் எழுதினதுல தப்பு இருக்கும். நாள் கிழமை மாறியிருக்கலாம், யார் முதல்ல பேசினாங்கங்கறது முன்னப் பின்ன இருக்கலாம். மேப்பு போடற ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, சேலைக்காரி அம்மன்னு போட்டது எதுன்னு உங்களுக்கே தெரியும். வந்து சரிபாருங்க. எங்க பொம்பளைங்களைக் கேளுங்க, எங்க ஆம்பளைங்களைக் கேக்காதீங்க. வர்றப்ப கிளையைப் பாருங்க. விளக்குமாறு தொங்கினா மதகுலயே நில்லுங்க. நாங்க கரையேறி வந்து சொல்றோம்.